தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி: பள்ளிவாசல் மலைப்பகுதித் தமிழரின் வாக்குரிமை வரலாறு

முன்னுரை

மொழிவழி மாநிலங்கள் அமைந்த வரலாற்றில் தேவிகுளம், பீர்மேடு ஆகிய இரு வட்டங்களும் தமிழ் எழுத்துலகில் இழப்பின் பெயர்களாகவே நிலைபெற்றுவிட்டன. தெற்கெல்லைப் போராட்டம் பற்றிய நூல்கள் 1956 நவம்பர் 1 என்னும் நாளோடு இவ்வட்டங்களின் கதையை முடித்துவிடுவது வழக்கம். காமராசர் கூறியதாக வாய்வழி வழங்கிவரும் 'குளமாவது மேடாவது' என்னும் தொடரை எடுத்துக்காட்டி, அவரைப் பழிப்பதோ அவர்க்காக வாதிடுவதோ எஞ்சிய பணியாகிவிடுகிறது. அந்நாளுக்குப் பின்னும் அம்மலைகளில் தமிழர் வாழ்ந்தனர். புதிதாகப் பிறந்த ஒரு மாநிலத்தின் வாக்காளராயினர். தமக்கெனச் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். எல்லை வரலாறு முடிவதாகக் கருதப்படும் இடத்திலிருந்தே அவர்களது அரசியல் வரலாறு தொடங்குகிறது. கேரளம் உருவானபின் 1957-இல் முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்த தேவிகுளம் தொகுதியை மையமாகக் கொண்டு, நிலமற்ற ஒரு மக்கட் கூட்டத்திற்குச் சட்டமன்றத் தொகுதி எதனை அளித்தது, எதனை அளிக்க இயலவில்லை என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நிலமும் குடியேற்றமும்

இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றை அடுத்துள்ள மலையூர் பள்ளிவாசல். 'பள்ளி', 'வாசல்' என்னும் இரு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானவை. வழிபாட்டிடம், கல்வியிடம், துயிலிடம் எனப் பல பொருள் தரும் 'பள்ளி' என்ற சொல்லை இவ்விரு மொழியினரும் தத்தம் மரபுப்படி விளங்கிக்கொள்வர். இரு மொழிகள் அடுத்தடுத்துப் புழங்கும் நிலப்பகுதிக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவர், கண்ணன் தேவன் அஞ்சநாட்டு மலைநிலங்களை ஜான் டேனியல் மன்றோவுக்கு உரிமையளித்ததிலிருந்து இப்பகுதியின் புதிய வரலாறு தொடங்குகிறது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பாளர், மலையின் கிழக்கே பரந்து கிடந்த தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் திரட்டப்பெற்றனர். போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையே அவர்களது நுழைவாயில். வந்தவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற உழவர். ஊரில் குடிசைக்கு அடிநிலம் இல்லாதிருந்த அவர்களுக்கு மலையிலும் சொந்த நிலம் கிட்டவில்லை. தோட்ட நிறுவனத்தின் லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அந்த அறையும் வேலையில் இருக்கும்வரைக்கே உரியது. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி இன்றியமையாதது.

பள்ளிவாசல் பிறிதொரு வகையிலும் சிறப்புடையது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு 1940 மார்ச் 19-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையமே இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமாகும். மின்நிலையம் அமைந்துள்ள சித்திரபுரம், அன்றைய மன்னர் சித்திரைத் திருநாளின் பெயர் தாங்கியது. ஆலுவாப் பகுதியின் அலுமினியத் தொழிலும் உரத் தொழிலும் இம்மின்சாரத்தை நம்பியே எழுந்தன. பள்ளிவாசலில் பயன்பட்டு வெளியேறும் நீரையே மீண்டும் பயன்படுத்தும் செங்குளம் மின்திட்டம் 1954-இல் இயங்கத் தொடங்கியது. எல்லைச் சிக்கல் உச்சத்தில் இருந்த ஆண்டும் அதுவே என்பது நோக்கத்தக்கது. தேயிலையும் ஏலமும் மட்டுமன்றி மின்சாரமும் இம்மலையிலிருந்தே இறங்கி வந்ததனால், திருவிதாங்கூர்-கொச்சி அரசு இதனை இழக்க ஒருப்படாதது வியப்பன்று.

எல்லைச் சிக்கலில் இரு வட்டங்கள்

திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவர்க்குமான வாக்குரிமையின் அடிப்படையில் முதல் தேர்தல் 1948 பிப்ரவரியில் நடைபெற்றது. அதற்கு முன்னர் ஸ்ரீமூலம் சபையிலும், 1932-இல் அமைந்த ஈரவைகளிலும் வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கும் கல்வித் தகுதி உடையோர்க்கும் உரியதாயிருந்தது. நிலமும் கல்வியும் இல்லாத தோட்டத் தொழிலாளர் அந்த ஏற்பாட்டில் குடிமகனாகக் கணக்கிடப்படவில்லை. அவர்களை ஆட்சியின் கண்முன் நிறுத்தியது அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கோட்பாடே.

இவ்வாக்குரிமையும் மொழிவழி மாநிலக் கோரிக்கையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மலைக்கு வந்து சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு, திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 1952-இல் 8 இடங்களையும் 1954-இல் 12 இடங்களையும் பெற்றது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியனவும் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இவற்றுள் சித்தூர் பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்தது. பின்னர்ப் பாலக்காட்டு மாவட்டத்தில் அடங்கியது. இடுக்கி மலையும் பாலக்காட்டுச் சமவெளியும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தமை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

1954-இன் நடுப்பகுதியில் மூணாற்றில் தடையை மீறியமைக்காக நேசமணி கைது செய்யப்பட்டார். அதன் தொடர்ச்சியாகத் தெற்கே எழுந்த கிளர்ச்சியில், ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்டு அமைச்சரவை பதவி விலக வேண்டுமென அக்கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியாவே வற்புறுத்தும் அளவுக்கு அந்நிகழ்ச்சி நாடு முழுதும் எதிரொலித்தது. குருதி சிந்தியது குமரி மண்ணில். கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிருந்தது மூணாறு. முடிவில் குமரி வட்டங்கள் இணைந்தன, மூணாறு இணையவில்லை.

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தென்பகுதியின் நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் பரிந்துரைத்த ஆணையம், தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினர் என்பதை அறிந்தும் அவ்வட்டத்தைக் கேரளத்திற்கே அளித்தது. தோட்டத் தொழிலாளர் வந்து போகும் மக்கள் என்பதும், அந்நிலப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதது என்பதும் அதன் வாதங்கள். இதே ஆண்டுகளில் பட்டம் தாணுப்பிள்ளை அரசு தொடங்கிய மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தின் வழியாகச் சமவெளி மலையாளக் குடும்பங்கள் மலையில் நிலம் பெற்றன. நெடுங்காலம் உழைத்தவர் 'வந்து போவோர்' ஆயினர். அண்மையில் வந்தவர் நிலவுரிமையாளர் ஆயினர். ஒருவரைக் குடியானவர் ஆக்குவது வாழ்ந்த காலமா, நிலத்தின் பட்டாவா என்னும் வினாவை அன்றே இம்மலை எழுப்பியது.

இலங்கை மலையகத்தோடு ஓர் ஒப்பீடு

இங்கு இலங்கை மலையகத்தை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். அங்கும் தொழிலாளரைத் திரட்டியவர் கங்காணிகளே, வந்த மாவட்டங்களும் பெரும்பாலும் அவையே, வாழ்ந்தது லயங்களிலேயே. 1947-இல் இலங்கை நாடாளுமன்றத்திற்குத் தம் உறுப்பினரை அனுப்பிய மலையகத் தமிழர், 1948-இன் குடியுரிமைச் சட்டத்தாலும் தொடர்ந்து வந்த 1949-இன் சட்டங்களாலும் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஓர் உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதே 1952-இல் மூணாற்று லயங்களிலிருந்த அவர்தம் உறவினர் முதல் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். கப்பலேறியவர் வாக்கை இழந்தனர். மலையேறியவர் வாக்கைப் பெற்றனர். 'வந்து போவோர்' என்னும் ஒரே வாதம் இலங்கையில் குடியுரிமையைப் பறித்தது. இந்தியாவிலோ ஒரு வட்டம் எந்த மாநிலத்தைச் சேரும் என்பதைத் தீர்மானித்ததோடு நின்றது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் தேவிகுளத்தை இழப்பாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு முழுமை சேர்க்காது.

1957: புதிய தொகுதி

1956-இன் தொகுதி வரையறைப்படி, கேரளச் சட்டமன்றத்தில் 114 தொகுதிகளும் 126 இடங்களும் அமைந்தன. 12 தொகுதிகள் இரு உறுப்பினரைக் கொண்டவை. தேவிகுளம் அவற்றுள் ஒன்று. பொது இடம் ஒன்றும் பட்டியல் சாதியினர்க்கான இடம் ஒன்றும் அதற்கு உரியன. தோட்டத் தொழிலாளருள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதியாயிருந்தமையே இவ்வமைப்பின் அடிப்படை. மொழியடிப்படையில் கிட்டாத ஏற்பு, சாதியடிப்படையிலான ஒதுக்கீட்டின் வழியாக அவர்களுக்குக் கிட்டியது எனலாம்.

1957 தேர்தலில் பொது இடத்தில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். காஞ்சிரப்பள்ளியில் பிறந்த மலையாளக் கிறித்தவப் பெண்மணியும் விடுதலைப் போராட்ட வீராங்கனை அக்கம்மா செறியானின் தங்கையுமான அவர், கேரளச் சட்டமன்றத்தின் முதல் தற்காலிகப் பேரவைத் தலைவராகப் பதவியேற்றவர். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் மிகுந்த தொகுதி, எல்லைப் போராட்டம் ஓய்ந்து ஓராண்டும் நிறையுமுன் ஒரு மலையாளப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தது. மொழியுணர்வு மறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கூலி, வீடு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசிய தொழிற்சங்கம், மாநில எல்லையைப் பேசிய கட்சியைக் காட்டிலும் லயத்திற்கு அண்மையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

காங்கிரசு வேட்பாளர் பி.கே. நாயரின் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டது முறையன்று எனத் தொடுக்கப்பட்ட வழக்கில், ரோசம்மாவின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1958 மே மாதத்தில் நடைபெற்ற இடைத்தேர்தல் ஒரு தொகுதியின் தேர்தலாக அமையவில்லை. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவைக்கு 126 பேர் கொண்ட அவையில் சுயேச்சைகள் ஐவர் உட்பட 65 பேரின் ஆதரவே இருந்தது. ஆதலின் ஓரிடமும் பெருமதிப்புடையதாயிற்று. கம்யூனிஸ்டுக் கட்சியின் தேர்தல் பணிக்கு வி.எஸ். அச்சுதானந்தன் பொறுப்பேற்றார். தமிழ்த் தொழிலாளரிடையே பரப்புரை செய்யப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் அழைக்கப்பெற்றார். இசையமைப்பாளர் இளையராஜாவின் தமையனான அவர், தமிழ்ப்பாட்டோடு லயந்தோறும் சென்றார். தமிழ் இசையரசியல் வரலாற்றில் இவ்விடைத்தேர்தலுக்குத் தனியிடம் உண்டு. ரோசம்மா மீண்டும் வென்றார்.

வெற்றியின் மறுபக்கத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, காவல்துறையினர் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். மே மாதத்தில் எந்த ஆட்சியின் வலுவைத் தம் வாக்கால் காத்தனரோ, அவ்வாட்சியின் காவல்துறையே ஐந்து திங்களில் அவர்களைச் சுட்டது. உறுப்பினரைப் பெறுவதும் அதிகாரத்தைப் பெறுவதும் ஒன்றல்ல என்பதை இத்தொகுதி தன் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

தனித்தொகுதியும் தகுதிச் சிக்கலும்

இரு உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961-இல் நிறைவேறியது. 1965 தேர்தலில் தேவிகுளம் பட்டியல் சாதியினர்க்கான தனித்தொகுதியாயிற்று. 1972 சனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் தோன்றியபோது, அதுவரை கோட்டயம் மாவட்டத்திலிருந்த தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களோடு தொடுபுழையும் சேர்ந்து புதிய மாவட்டமாயிற்று. தனித்தொகுதி ஆனமையின் நேர்விளைவாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்தோர் சட்டமன்றம் செல்லும் வழி நிலைபெற்றது. ஏ.கே. மணி 1991, 1996, 2001 ஆகிய ஆண்டுகளிலும், எஸ். இராஜேந்திரன் 2006, 2011, 2016 ஆகிய ஆண்டுகளிலும், அ. ராஜா 2021-இலும் வெற்றி பெற்றனர். கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஒலித்தது இத்தொகுதியின் கொடை. 2021-இல் ராஜா ஏற்ற தமிழ் உறுதிமொழியின் மொழிபெயர்ப்பில் ஒரு பகுதி விடுபட்டிருந்தமையால், அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை ஏற்றுள்ளது. அவ்வுரிமையை நடைமுறையாக்கும் மொழிபெயர்ப்புப் பணி எத்துணைக் கவனத்தோடு நடைபெறுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

அத்தேர்தல் தொடர்பான வழக்கு இதனினும் ஆழ்ந்த வினாவை எழுப்பியது. 2023 மார்ச்சு 20-இல் கேரள உயர்நீதிமன்றம், அவர் கேரள மாநிலத்திற்குரிய இந்துப் பறையர் வகுப்பினராகக் கருதத்தக்கவர் அல்லர் எனக் கூறித் தேர்தலைச் செல்லாதென அறிவித்தது. சமயமாற்றம் குறித்த திருச்சபைப் பதிவேடுகளும், முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து குடியமர்ந்த காலமும் அவ்வழக்கில் ஆராயப்பெற்றன. 2025 மே 6-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கித் தேர்தல் செல்லும் என்றது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி மாநிலந்தோறும் தனித்தனியே வரையறுக்கப்படுவதால், ஒருவருடைய பாட்டன் பாட்டியர் அவ்வாண்டுக்கு முன் மலையேறினரா பின் மலையேறினரா என்பது பேரனின் அரசியல் தகுதியைத் தீர்மானிக்கும் செய்தியாகிவிடுகிறது.

இவ்வழக்கின் தீர்ப்பு ஒருவர்க்கு உரியது. அது எழுப்பிய வினா அனைவர்க்கும் உரியது. நிலமுடையோர்க்கு நிலவரி ஆவணமே குடியிருப்புச் சான்று. தோட்டத் தொழிலாளர்க்கோ சான்று தரத்தக்கவை நிறுவனத்தின் பணிப்பதிவேடும் திருச்சபையின் ஞானமுழுக்குப் பதிவேடும் பள்ளிச் சான்றுமே. இவற்றுள் எதுவும் அவர்கள் கைவசம் இருப்பதன்று. 1955-இல் ஆணையம் கூறிய 'வந்து போவோர்' வாதம், எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் நீதிமன்றப் படியேறியது எனலாம்.

தொகுதி தராதது

தோட்டத் தொழிலாளரின் வீடு நிறுவனத்தினது. ஓய்வு பெற்றபின் குடும்பத்தில் மற்றொருவர் வேலையில் இல்லையெனில் லயத்தை விட்டு நீங்க வேண்டும். பலர் தேனி, திருநெல்வேலிப் பகுதிகளில் முன்னோர் ஊரைத் தேடிச் செல்வர். எனவே வாக்காளர் பட்டியலில் பெயர் நிலைப்பதும் வேலையைப் பொறுத்ததாகிறது. 1971-இன் கண்ணன் தேவன் மலைநில மீட்புச் சட்டம் பெரும் நிலப்பரப்பை அரசின் கைக்குக் கொணர்ந்தது. எனினும் தலைமுறைகளாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளியோர்க்கு வீட்டுமனை என்பது தீராத கோரிக்கையாகவே நீடித்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து எழுபதுபேர் மாண்டபோது, அக்கோரிக்கையின் பொருள் என்ன என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

2015 செப்டம்பரில் ஊக்கத்தொகைக் குறைப்பை எதிர்த்து எழுந்த 'பெண்பிளை ஒருமை' இயக்கம் இவ்வரலாற்றின் மற்றொரு திருப்பம். தமிழ்ப் பெண் தொழிலாளர், ஆண்களே தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களையும் தொகுதியின் உறுப்பினரையும் ஒதுக்கிவைத்துத் தாமே நிறுவனத்தையும் அரசையும் எதிர்கொண்டனர். அரசியல் தலைவர்களுள் அவர்கள் வரவேற்ற ஒருசிலருள் வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவர். 1958-இல் இம்மலையில் வாக்குக் கேட்டவரை 2015-இல் அம்மலையின் பெண்கள் அடையாளம் கண்டுகொண்டனர். இயக்கத்தின் பெயரே தமிழும் மலையாளமும் கலந்த மலைவழக்கில் அமைந்தது கருதத்தக்கது.

இத்தொகுதிக்குள்ளேயே வாழும் முதுவர் முதலிய பழங்குடியினரின் நிலை தோட்டத் தமிழரின் நிலையினின்றும் வேறுபட்டது. 2010-இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பெற்ற இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. எல்லை வரைவதால் மட்டும் வாழ்வு மாறுவதில்லை. வரையாவிடில் குரலும் எழுவதில்லை என்பதற்கு அவ்வூராட்சியும் ஓர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. தேவிகுளத்தின் வரலாறு 1956-இல் முடிந்துவிடவில்லை. எல்லைப் போராட்டத்தில் மொழியால் அடையாளம் காணப்பட்ட மக்கள், 1957-க்குப்பின் உழைப்பாலும் சாதி ஒதுக்கீட்டாலும் அரசியலில் இடம் பெற்றனர். அவ்விடம் மொழியுரிமையையும் ஓரளவு காத்தது. ஆயினும் வாழ்ந்த காலத்தைக் கொண்டல்லாது நிலத்தையும் ஆவணத்தையும் கொண்டே ஒருவரை மண்ணுக்குரியவராக ஏற்கும் முறை மாறவில்லை. அதனால் வாக்கு அவர்களுக்குக் குரலைத் தந்தது. காலூன்ற அடிநிலத்தைத் தரவில்லை.

இலங்கை மலையகம் பற்றித் தமிழில் விரிவான ஆய்வுகள் எழுந்துள்ளன. மூணாறு, பள்ளிவாசல், பீர்மேட்டுத் தோட்டங்கள் பற்றியும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதி பற்றியும் அத்தகைய ஆய்வுகள் பெருகுதல் வேண்டும். தோட்ட நிறுவனங்களின் பணிப்பதிவேடுகள், திருச்சபைப் பதிவேடுகள், தேர்தல் வழக்குத் தீர்ப்புகள், பாவலர் வரதராசன் காலத்துப் பரப்புரைப் பாடல்களைக் கேட்ட முதியோரின் நினைவுகள் ஆகியன திரட்டப்பட வேண்டிய மூலங்கள். இவற்றுள் முதியோர் நினைவு காத்திருக்காது. அப்பதிவேடுகளோ ஆய்வாளர்க்கு மட்டுமன்றித் தம் வேரை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்திலுள்ள மக்களுக்கும் பயன்படுவன. வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளுமாயின், ஆய்வின் பயன் நேரே அம்மக்களைச் சென்றடையும்.